பதிவேட்டில் ஏறிய பெயரே வீடு

வீடு என்னுஞ் சொல்லுக்கு மோட்சம் என்றும் நம்மவர் பொருள் கூறுவர். மறுமையில் கிடைப்பதாகச் சொல்லப்படும் அவ்வீட்டிற்காகத் திருவிழாவிலும் சடங்கிலும் செலவிட்ட பொருளில் பாதியையேனும் இம்மையில் குடியிருக்கும் வீட்டிற்காகச் செலவிட்டிருப்பின், மலாயாத் தமிழரின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

வீடு வாங்குவதென்றால் சுவரையும் கூரையையும் வாங்குவதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வாங்கப்படுவது அரசாங்கப் பதிவேட்டில் ஏறும் ஒரு பெயரேயாகும். இதனைக் கடற்கரைச் சிறுநகராகிய போர்ட்டிக்சனின் வரலாற்றைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

அந்நகர் தோன்றுமுன் பெயர் பெற்று விளங்கியது அருகிலுள்ள லுக்குட். சிலாங்கூருக்கு உட்பட்டிருந்த அவ்வூரை 1846 முதல் இராஜா ஜூமாத் ஆண்டு வந்தார். ஈயத்தால் அது செழித்தது. பின்னர் லுக்குட் சுங்கை ஊஜோங்குடன் சேர்ந்தது. 1891இல் சிரம்பானிலிருந்து ரயில் பாதை கடற்கரையை எட்டியது. நீரிணைக் குடியேற்றங்களின் காலனிச் செயலாளராயிருந்த டிக்சனின் பெயரைத் துறைமுகம் தாங்கிற்று. ஈயத்தின் பின் ரப்பர் வந்தது, காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்களுக்குத் தமிழர் வந்தனர். கடலோரத்தில் செல்வர்களின் ஓய்வு மாளிகைகள் எழுந்தன. காட்டை அழித்து மரம் நட்டவர்களோ லயங்களிலேயே தங்கினர்.

ரயில் வந்த அதே 1891இல் அண்டை நாடாகிய சிலாங்கூரில் நிலவுரிமைப் பதிவுச் சட்டம் பிறந்தது. அதன் மூலம் தென் ஆஸ்திரேலியாவாகும். அங்கே சுங்க இலாகாவில் பணிபுரிந்த ராபர்ட் டோரன்ஸ் என்பார், கப்பல்களுக்கு இருப்பது போன்றதொரு பதிவேடு நிலத்திற்கும் வேண்டுமெனக் கருதி, 1858இல் அதனைச் சட்டமாக்கினார். அம்முறையை நேரிற் சென்று ஆராய்ந்து வந்த வில்லியம் மாக்ஸ்வெல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த காலத்திலேயே அச்சட்டம் அங்கு எழுந்தது. நெகிரி செம்பிலானும் 1898இல் அவ்வழியைப் பின்பற்றிற்று.

இம்முறையின் சாரம் எளிது. விற்பவன் எழுதிக் கொடுக்கும் காகிதம் நிலவுரிமையைத் தாராது; பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமையைத் தரும். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே லிங்கி ஆற்றுக்கு அப்பால் மலாக்கா. அங்கும் பினாங்கிலும் ஆங்கிலேயரின் பழைய பத்திர முறை வழங்கிற்று. தன் உரிமையை நிலைநாட்ட விரும்பியவன், தனக்கு முன்னிருந்தவனின் பத்திரம், அவனுக்கும் முன்னிருந்தவனின் பத்திரம் எனத் தேடி அடுக்க வேண்டியிருந்தது. 1966 ஜனவரி முதல் நாள் தேசிய நிலச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின், தீபகற்பம் முழுமைக்கும் பதிவேட்டு முறையே பொதுவாயிற்று.

பதிவேடு வந்தது, நம்மவர் பெயர் அதில் ஏறியதா? தோட்டத்துக் கணக்கறையில் செக்ரோல் எழுதும் நாம் இதனை நன்கறிவோம்: செக்ரோலில் பெயர் உள்ளவரை லயத்தில் இடமுண்டு, அப்பெயர் அடிபட்டால் அடுப்பும் அணைந்தது. 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பேராசிரியர் உங்கு அஸீஸ் ஆராய்ந்து நூலாக்கினார். பெருந்தோட்டங்கள் கைமாறிச் சிறு சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது, பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தன. அத்துயருக்கு விடையாகவே 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அது போற்றத்தக்க பெருஞ்செயல். எனினும் பதிவேட்டில் ஏறியது சங்கத்தின் பெயர். தனி மனிதன் பெயர் ஏற அவனவன் முயற்சியே வேண்டும்.

அம்முயற்சியில் கண் திறந்திருத்தல் அவசியம். கடற்காற்றையும் மணலையும் கண்டு மயங்கி முன்பணம் கொடுப்பதற்கு முன், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திக் கிராண்டின் விவரங்களை அறிதல் வேண்டும். உரிமை நிரந்தரமா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகையெனில் எஞ்சியிருப்பன எத்தனை ஆண்டுகள், அடமானம் உண்டா, பிறர் பதிந்த தடை உண்டா என்பன அங்கே தெரியும். மலாய் ஒதுக்கீட்டு நிலமாயின், 1913இல் தொடங்கிய சட்டவழியின்படி, மலாய்க்காரரல்லாதாருக்கு அது கைமாறாது. எவர் சாட்சிக் கையொப்பமிட்டாலும் பயனில்லை. வாங்கிய பின்னரும் நிலவரியைத் தவறாது செலுத்துதல் வேண்டும். செலுத்தாதார் நிலம் அரசுக்கே மீளக்கூடும்.

பதிவேடும் மனிதர் எழுதுவதே. பினாங்குக் கடற்கரையிலுள்ள தஞ்சோங் பூங்காவில் ஒரு தாய்லாந்துப் பெண்மணிக்குச் சொந்தமான நிலத்தை, அவர் பெயரைத் தாங்கிய மோசக்காரி ஒருத்தி விற்றுவிட்டாள். 2000இல் கூட்டரசு நீதிமன்றம் நிலம் வாங்கியவருக்கே என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தவறென்று 2010இல் அதே மன்றம் வேறொரு வழக்கில் அறிவிக்கும்வரை, சொந்தக்காரர் அறியாமலே நிலம் பறிபோகும் அபாயம் சட்டத்தில் நின்றது. ஆகவே கிராண்டைப் பெட்டியிற் பூட்டிவிட்டு உறங்கலாகாது. இடையிடையே பதிவேட்டைப் பார்த்து வருதலும் கடமையாம்.

நல்ல நாளும் வாசற்படியின் திசையும் பார்க்கும் நம்மவர், கிராண்டைப் பார்ப்பதில்லை. தரகன் நம் சாதிக்காரன் என்று நம்பிக் கைப்பணத்தைக் கொடுப்போரும் உளர். பதிவேட்டில் சாதிக்கு இடமில்லை. பெயரும் பங்குமே அங்குண்டு. மனைவியின் பெயரையும் பங்குதாரராகச் சேர்க்கச் சட்டம் தடை கூறவில்லை. தடை நம் வழக்கத்திலேயே உள்ளது. பாலுக்குச் சென்று காலை முதல் வெயிலில் உழைத்த பெண்ணின் கூலியும் அவ்வீட்டின் விலையிற் சேர்ந்ததன்றோ? கணவன் மறைந்தபின் அவளை உறவினர் தயவில் விடாதிருக்க, இன்றே அவள் பெயரும் ஏறுக.

தலைமுறை தலைமுறையாக நம் பெயர் செக்ரோலில் ஏறியது போதும். இனி அது நிலப் பதிவேட்டில் ஏறட்டும். சிறு மனையாயினும் குற்றமில்லை. கடலருகேயாயினும் காட்டருகேயாயினும் குற்றமில்லை. வெளியேறு என்று பிறர் சொல்ல முடியாத வாசற்படி ஒன்று ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திற்கும் வேண்டும்.