காலணாச் சோறு: டாலிகஞ்ச் வட்டார உணவு விடுதிகளை முன்வைத்து

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் இருவகை அடுக்களைகளைக் காண்கிறோம். ஒன்று, அறத்தின்பாற்பட்ட அட்டிற்சாலை. அங்கு வடித்த சோற்றின் கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடுகிறது. மற்றொன்று, கொடி கட்டிய கள் மனை. அதன் முற்றத்தில் மீனும் ஊனும் பொரியும் ஓசை கேட்கிறது. கள்ளும் பொரித்த மீனும் விலைக்குரியன, சோறோ கொடைக்குரியது. சோற்றை விற்பது இழிவு என்னும் எண்ணம் தமிழகத்தில் நெடுங்காலம் நிலவியமையைத் தொ. பரமசிவன் 'சோறு விற்றல்' என்னும் கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளார். இவ்வெண்ணம் தமிழர்க்கே உரியதன்று. நகரம் வளர்ந்து, சோறு விலைப்பொருளானபோது அந்நாணத்தை மக்கள் எவ்வாறு கடந்தனர் என்னும் வினாவுக்குக் கொல்கத்தாவின் தென்பகுதி தக்க விடை தருகிறது.

டாலிகஞ்ச், 1770களில் பழைய கங்கைத் தடத்தைத் தூர்வாரிக் கால்வாயாக்கிய டாலி என்னும் ஆங்கிலேயப் படை அலுவலரின் பெயரால் வழங்குவது. வீட்டைவிட்டு வந்தவர்களின் இடமாகவே அது தொடக்கம் முதல் இருந்துவருகிறது. 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிக்குப்பின் கோட்டையிலிருந்து அகற்றப்பட்ட திப்புவின் மக்கள் குடியேற்றப்பட்டது இங்குதான். 1930களில் படநிலையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் படநிலையங்கள் போதிய அளவு வளராத அக்காலத்தில் தமிழ்ப் படக்குழுவினர் பலர் கொல்கத்தாவுக்கு வந்தனர். ஏ.வி. மெய்யப்பனின் 'அல்லி அர்ஜுனா' (1935) நியூ தியேட்டர்ஸ் நிலையத்திலும், பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' (1937) ஈஸ்ட் இந்தியா நிலையத்திலும் உருவாயின. 1947க்குப் பின் கிழக்கு வங்கத்து ஏதிலியர் பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் முதலிய குடியிருப்புகளை இவ்வட்டாரத்தில் அமைத்துக்கொண்டனர். இத்தகைய மக்கள்திரளுக்கு வீட்டுச் சோறு எளிதில் வாய்ப்பதன்று.

இவர்களைப் போலவே, குடும்பத்தை ஊரில் விட்டு வந்து பொதுவிடுதிகளில் தங்கிய எழுத்தர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் சோறிட்டவை, வங்காளிகள் 'பைஸ் ஹோட்டல்' என்றழைக்கும் உணவகங்கள். 1957ஆம் ஆண்டு ஏப்ரலில் பதின்மமுறை நாணயம் வரும்வரை உரூபாய்க்கு 64 பைசா. அதாவது ஒரு 'பைஸ்' நம் காலணாவேயாகும். ஆகவே 'காலணாக் கடை' எனத் தமிழ்ப்படுத்துவது பொருந்தும். டாலிகஞ்சுக்குச் சற்று வடக்கே, ராஷ்பிகாரி அவென்யூவில் உள்ள தருண் நிகேதன் 1915இல் தொடங்கப்பெற்றது.

இவ்விடுதிகளின் கணக்குமுறை ஊன்றி நோக்கத்தக்கது. நம் உணவகங்களில் 'முழுச் சாப்பாடு' என ஒரே விலை வைத்து, சோறும் குழம்பும் வேண்டுமளவு இடுவர். விற்பனையே ஆயினும் விருந்தின் சாயல் அதில் உண்டு. பைஸ் ஹோட்டலில் சோறு தனி, பருப்பு தனி, கசகசாக் கறி தனி, வாழைப்பூக் கறி தனி, மீன் ஒவ்வொரு துண்டும் தனி. உண்ணும் வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடச் சில இடங்களில் விலை உண்டு. அன்றன்றைய சந்தை விலைக்கேற்பப் பலகையில் சுண்ணக்கட்டியால் பட்டியலை மாற்றி எழுதுவர். பரிமாறுபவர் கறிவகைகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். உண்டு முடித்ததும் ஒவ்வொருவர் கணக்கையும் நினைவிலிருந்தே கல்லாவை நோக்கி உரக்கக் கூறுவார். இலைக்கு விலை கேட்கும் வழக்கம் தமிழர் காதுக்குச் சற்றுக் கூசவே செய்யும். ஆயினும் பருப்பும் சோறும் மட்டும் வாங்கும் ஏழை, அடுத்தவர் உண்ணும் மீனுக்குச் சேர்த்துக் காசு கொடுக்கவேண்டியதில்லை. இம்முறையை நான் குறைத்து மதிப்பிடேன்.

விலை இவ்வாறு வெளிப்படையாக இருந்தும், சோற்றை வாங்கி உண்ணும் கூச்சத்தைப் போக்க வேறொன்று வேண்டியிருந்தது. அது பெயர்ப்பலகை. 'இந்து ஹோட்டல்' என்னும் சொல் சமைப்பவர் யார், உள்ளே அமர்பவர் யார் என்பவற்றை அறிவித்தது. சமையற்காரரை 'தாகூர்' என்றழைப்பது வழக்கம். அச்சொல் அவர்தம் பார்ப்பனக் குலத்தைச் சுட்டும். விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் 1940இல் வெளியிட்ட 'ஆதர்ச இந்து ஹோட்டல்' நாவலின் தலைவனாகிய ஹஜாரி தாகூர், ராணாகாட் தொடர்வண்டி நிலையத்தருகே இத்தகைய விடுதியில் அடுப்படி வேலை செய்பவனே. சாதி இந்துக்கள் வீட்டில் கோழிக்கறி விலக்கப்பட்டிருந்தமையின், இவ்விடுதிகள் சிலவற்றிலும் நெடுங்காலம் அது சமைக்கப்படவில்லை. ஆக, வங்காளி விலைகொடுத்து வாங்கியது சோற்றை மட்டுமன்று. அச்சோற்றால் சாதி கெடாது என்னும் உறுதியையும் சேர்த்தே வாங்கினான்.

தமிழர் குடியேறிய லேக் மார்க்கெட் பகுதியும் டாலிகஞ்சுக்கு அணித்தே உள்ளது. கோமள விலாஸ், இராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம் முதலிய பெயர்கள் அங்கு வாழ்ந்த தமிழர்க்கும், பின்னர்த் தோசை உண்ணப் பழகிய வங்காளியர்க்கும் நன்கு அறிமுகமானவை. 'விலாஸ்', 'பவன்' எனத் தமிழர் சூட்டிய பெயர்களில் குலம் வெளிப்படத் தெரிவதில்லை. ஆனால் அக்காலத்துத் தமிழக உணவகங்களில் அதனை வெளிப்படையாகவே எழுதிவைத்தனர். 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக்கோரி 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் மறியல் நடத்தினார். பலகையிலிருந்த சொல் அகன்றது.

கொல்கத்தாவில் நிகழ்ந்தது வேறு. கல்லூரித் தெருவையொட்டிய சந்தொன்றில், ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் 1920களில் தொடங்கிய 'இந்து ஹோட்டல்', நாடு விடுதலை பெற்றதும் 'ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 'விடுதலை பெற்ற பாரதம்' முன்னே வந்து சேர்ந்தது. 'இந்து' என்னும் சொல் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.