'பகோடா' என்னும் சொல்லும் மாமல்லபுரத்துத் திருக்கோயில்களும்

செங்கற்பட்டுக்குக் கிழக்கே கடலோரத்து விளங்கும் மாமல்லபுரத்தை ஐரோப்பியக் கடலோடிகள் 'ஏழு பகோடாக்கள்' என்று வழங்கி வந்தனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரை வழியே கலத்திற் சென்ற இத்தாலிய வணிகர் காஸ்பரோ பால்பி என்பாரும் அப்பெயரைக் குறித்துள்ளார். ஆயின், அப்பெயர் அவ்வூரார் இட்டதன்று. அக்கோயில்களை எடுப்பித்த அரசர் இட்டதுமன்று. அச்சொல் யாண்டுப் பிறந்தது, எவ்வெப் பொருள்களைத் தாங்கியது என்பவற்றைச் சிறிது ஆராய்வாம்.

இச்சொல்லை ஐரோப்பாவிற் பரப்பியவர் போர்ச்சுகீசியர். அவர் வாயில் அது 'பகோதெ' என வழங்கிற்று. அதன் பிறப்பைப்பற்றி அறிஞர் கூறுவன மூன்று. பாரசீகத்தில் விக்கிரக வீடு எனப் பொருள்படும் 'புத்கதா' என்பதன் திரிபு என்பர் ஒரு சாரார். அதன்கண் உள்ள 'புத்' என்பது புத்தர் பெயரினின்றும் வந்ததே. வடமொழிப் 'பகவதி' என்பதன் சிதைவு என்பர் மற்றொரு சாரார். சிங்களத்தில் 'தாகப' என வழங்கும் தாதுகர்ப்பமே எழுத்து நிலைமாறி இவ்வாறாயிற்று என்பர் வேறு சிலர். இவற்றுள் ஒன்றும் ஐயமற நிறுவப்படவில்லை.

பிறப்பு எதுவாயினும், பொருள்கள் பலவாயின. போர்ச்சுகீசியர் கோயிலையும் அச்சொல்லாற் குறித்தனர். கோயிலினுள் எழுந்தருளிய திருவுருவத்தையும் அதனாலேயே குறித்தனர். தென்னாட்டுப் பொன் நாணயத்திற்கும் அதனையே இட்டனர். தமிழர் வராகன் என்ற நாணயமே ஐரோப்பியர்க்குப் பகோடாவாயிற்று. சென்னையில் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் அதனிடத்தைப் பெற்றபொழுது, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என மதிப்பிட்டனர். இந்தியாவிற் பெரும்பொருள் ஈட்டுதலை 'பகோடா மரத்தை உலுக்குதல்' என்று ஆங்கிலேயர் நகைத்துரைத்ததும் இந்நாணயம் பற்றியே. பின்னர்ச் சீனம், பர்மா முதலிய நாடுகளின் புத்த தூபிகளுக்கும் அடுக்குக் கோபுரங்களுக்கும் அப்பெயர் சென்று, இன்று உலகெங்கும் அப்பொருளிலேயே நிலைத்துவிட்டது. போர்ச்சுகீசிய மொழியிலோ களியாட்டம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. பிரேசில் நாட்டில் ஒருவகை இசைக்கும் அதுவே பெயர். நம் நாட்டிற் கடலைமாவிற் பொரிக்கும் பக்கோடாவோ இதனோடு உறவில்லாத வேறு சொல். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு பிறப்பு முடிவு செய்தல் பிழையாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி, மாமல்லபுரத்தில் அச்சொல் செய்தது யாது? 1788இல் வெளிவந்த ஆசியாடிக் ரிசர்ச்சஸ் முதற்றொகுதியில் வில்லியம் சேம்பர்ஸ் என்பார், கடலினுள் செம்பு வேய்ந்த கோயிற் சிகரங்கள் காலை வெயிலில் ஒளிரக் கண்டதாக அவ்வூர் முதியோர் கூறியதை எழுதினார். அதனோடு 'ஏழு' என்னும் எண்ணும் சேர, ஆறு கோயில்களைக் கடல் கொண்டது, ஒன்றே எஞ்சியது என்னும் கதை உலகெங்கும் பரவிற்று. நரசிங்கவர்மப் பல்லவனது மாமல்லன் என்னும் பட்டப்பெயராலமைந்த ஊரை மகாபலியின் நகராகக் கொண்டு அவர் எழுதியதும் அக்கட்டுரையிலேயாம்.

கல்வெட்டுக்கள் கூறுவது வேறு. தருமராசர் தேர் எனப்படும் கற்றளியில் 'அத்யந்தகாம பல்லவேச்சுரகிருகம்' என்று பொறித்துள்ளது. கடற்கரைக் கோயிலில் உள்ள முதல் இராசராசன் கல்வெட்டு க்ஷத்திரியசிம்ம பல்லவேச்சுரம், இராசசிம்ம பல்லவேச்சுரம் என்னும் சிவாலயப் பெயர்களையும், பள்ளிகொண்டருளிய தேவரையும் வேறு வேறாகக் கூறுகின்றது. எடுப்பித்தோன் யார், எழுந்தருளியிருக்கும் இறைவன் யார் என்னும் இரண்டும் இப்பெயர்களில் விளங்குகின்றன. 'பகோடா' என்றவழி இவ்விரண்டும் மறைகின்றன. அரனுக்கும் மாலுக்கும் புத்தர்க்கும் நாணயத்திற்கும் வேறுபாடு இல்லையாகின்றது.

பெயரின் பயன் யாதென்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றும் உளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் பாறையொன்றன்மேற் கிடந்த மணலை அரித்துச் சென்றது. வெளிப்பட்ட கல்வெட்டில் திருவிழிச்சில் என்னும் ஊரும் சுப்பிரமணியர் கோயிலும் கூறப்பட்டிருந்தன. அச்சொற்களை வழியாகக் கொண்டு தொல்லியல் துறையினர் 2005இல் அருகேயிருந்த மேட்டை அகழ்ந்தபொழுது, முருகப்பெருமான் திருக்கோயிலின் செங்கல் அடித்தளமும் கல்லில் வடித்த வேலும் வெளிப்பட்டன. முந்நூறு ஆண்டுகட்கு மேலாக வழங்கிய 'ஏழு பகோடா' என்னும் பெயர் கதையையே வளர்த்தது. ஊரார் தம் மொழியிற் கல்லிற் பொறித்த சில சொற்களோ மறைந்த கோயிலையே காட்டின.

பிறமொழியார் தாம் கண்டதைத் தாம் அறிந்த சொல்லாற் கூறுதல் இயல்பே. அவரை முனிதல் வேண்டா. ஆயினும் நாமும் அவர் சொல்லையே மீட்டுங் கூறிக் கல்லிலுள்ள பெயரை மறப்பது தகாது. மாமல்லபுரம் செல்லும் அன்பர்கள் வழிகாட்டிகள் கூறும் கதையோடு அமையாது, ஆங்காங்குள்ள எழுத்துக்களையும் கண்டு, அவ்வக் கோயிலை அதனதன் பெயராற் கூறி வழிபடுவாராக.