மேசையாகிய நிலைக்கதவு

தேக்கு ஈழத்து மண்ணின் மரமன்று. ஒல்லாந்தர் காலத்தில்தான் அது இங்கு கொண்டுவந்து நடப்பட்டது. யாழ்ப்பாணத்தாருக்குக் கைக்கெட்டிய மரங்கள் பனையும் வேம்பும் பலாவும். பாலையும் முதிரையும் வன்னிக் காட்டிலிருந்து வரும். ஆயினும், இங்குள்ள பழைய கல்வீடுகள் பலவற்றின் நிலையும் கதவும் பர்மாத் தேக்கால் ஆனவை. அந்த மரம் வந்த வழியையும் போன வழியையும் தேடினால், வடபுலத்தின் இரு சமூகங்களுக்கும் நேர்ந்தது நம் கண்முன் விரியும்.

பர்மாக் காடுகளில் தேக்கை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகக் கொத்தி, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். ஏனெனில் பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. காய்ந்த மரத்தை யானைகள் ஆற்றுக்கு இழுத்துவரும். ஐராவதி, சல்வீன் ஆறுகளின் வழியே அது ரங்கூனுக்கும் மௌல்மேனுக்கும் மிதந்து போய்ச் சேரும்.

வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் பர்மாவுக்கு ஓடி அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தன. அத்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்றது. கப்பல் கட்டுபவரையும் வீட்டுத் தச்சரையும் 'ஓடாவி' என்ற ஒரே சொல்லால் நம்மவர் அழைத்தனர். தேக்கில் அடித்த இரும்பாணி எளிதில் துருப்பிடிக்காது. அதனால் கப்பலுக்கு உகந்த மரம் வீட்டுக்கும் உகந்ததாயிற்று. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அந்த வணிகம் குலைந்தது. வந்த மரம் வீடுகளில் நிலைத்தது.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பின் சோனகத் தெருவுக்கு வந்து பார்த்தவர்கள், கூரையில்லாச் சுவர்களில் நிலைகள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகளையே கண்டனர்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். நான் படிப்பிக்கும் அச்சுவேலி வலிகாமம் கிழக்கில் உள்ளது. அருகிலுள்ள வசாவிளான், பலாலிப் பகுதிகள் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்தன. பின்னர் விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்களிலும் பலர் கதவில்லாச் சுவர்களையே கண்டனர். பெயர்த்தவர் யார் என்பதற்கு ஒரே விடை கிடையாது. பதுங்குகுழிக்குப் போன மரமும் உண்டு. அடுப்புக்குப் போனதும் உண்டு. விலைக்குப் போனதும் உண்டு.

2014 ஏப்ரலில் மியன்மார் மரக்குற்றி ஏற்றுமதியைத் தடைசெய்தது. பழைய தேக்கைத் தேடுவோருக்கு அதனால் இன்னொரு காரணம் கிடைத்தது. எனக்கும் படிப்பதற்கு ஒரு சிறு மேசை தேவைப்பட்டது. அச்சுவேலியில் தம் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டிய குடும்பத்தாரிடமே ஒரு நிலைக்கதவை வாங்கினேன். ஓடாவியின் முதற் கேள்வி அளவைப் பற்றியதல்ல.

"இது ஆற்றை வீட்டு மரம், மாஸ்டர்? அது தெரியாமல் நான் உளி வைக்கமாட்டன்."

சொன்ன பிறகே வேலையைத் தொடங்கினார். காந்தத்தால் தடவிப் பார்த்து, புதைந்திருந்த ஆணிகளைப் பிடுங்கினார். தேக்கிலுள்ள மணற்சத்து சீவுளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும், அடிக்கடி தீட்டினார். நிலைக்கால்களைப் பிளந்து மேசைக்கால்கள் நான்கு. கதவுப் பலகையில் இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலத்தில் மேற்பலகை. துளையும் கழுந்துமாகப் பொருத்து. பிணைச்சல் பதிந்திருந்த பள்ளங்களை மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கவா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

கண்டெடுத்த பொருளைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அடையாளம் வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிக்குமாறு பணித்தார்கள். ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சுவரிலிருந்து பெயர்க்கப்பட்ட கதவு தொலைந்த பொருளன்று. அபகரித்த பொருள் எத்தனை கை மாறினாலும் உரியவரின் உரிமை போகாது என்பதே நம் ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. ஆயினும் அந்த ஹதீஸ் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது: ஒரு பொருளின் அடையாளத்தைக் காப்பது உரியவரின் உரிமையைக் காப்பதாகும்.

பழைய மரத்தில் அந்த அடையாளங்கள் பிணைச்சற் பள்ளமும் தாழ்ப்பாள் துளையும் மாறிமாறிப் பூசிய வர்ணமுமே. மெருகேற்றும்போது முதலில் அழிவது அவைதாம். உறுதிகள் தொலைந்த குடும்பங்கள் நம்மிடையே அநேகம். வீட்டின் முன்வாசலில் எடுத்த கலியாணப் படமொன்றில் கதவின் செதுக்கு வேலை தெரியுமானால், அதுவும் ஓர் ஆவணமே. மூத்தவர்கள் இருக்கும்போதே அத்தகைய படங்களைத் திரட்டி, எந்தத் தெரு, எந்த வீடு, எத்தகைய கதவு என்று எழுதிவைக்க வேண்டும். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் இதைச் செய்யலாம்; பெருஞ்செலவு ஆகாது.

பழைய மரம் வாங்குபவருக்கு வேண்டியது அந்த ஓடாவியின் கேள்விதான். விடை கிடைக்காத மரத்தை, எவ்வளவு மலிவானாலும், விட்டுவர வேண்டும்.