முழங்கை மடிப்பில் ஓர் ஒலி

முதலாம் ஆண்டு மாணவர்கள் ஃபிசியாலஜி செய்முறை வகுப்பில் ரத்த அழுத்தம் பார்க்கப் பழகும் நாளன்று, பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். பக்கத்தில் இருப்பவரின் முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். கையில் பட்டை கட்ட வேண்டாம். கசங்காத வெள்ளைக் கோட்டுகள் குனிகின்றன. அறை அடங்குகிறது. சற்று நேரத்தில் யாராவது தலையை நிமிர்த்தி, "லப் டப்னு லேசா கேக்குது சார்" என்பார். ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது சொல்லிவிடுவார். அந்த இடத்தில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் தமனியில் ரத்தம் ஓசையின்றித்தான் ஓடுகிறது.

பிறகு பட்டையைக் கட்டிக் காற்றேற்றி, திருகைத் தளர்த்திப் பாதரசத்தை மெல்ல இறக்கச் சொல்வேன். முதலில் மௌனம். 118, 116 என்று இறங்கும்போது திடீரென்று ஒரு தட்டல். அடுத்து இன்னொன்று. கேட்பவரின் கண்கள் விரிவதை எதிரில் நின்று பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு பார்த்தும் எனக்கு அது சலிக்கவில்லை. தட்டல் வலுத்து, மங்கி, 76 வாக்கில் மறைந்துபோகிறது. "இப்போது கேட்டதே, அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பாதி வகுப்பு ஒரே குரலில் "ஹார்ட்லருந்து சார்" என்கிறது.

தவறான விடைதான். ஆனால் வெட்கப்பட ஏதுமில்லை. 1905இல் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவ அகாதெமியில் இந்த ஒலியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டவர்களில் சிலரும் இதையேதான் சொன்னார்கள். பாடப்புத்தகம் 120/80 என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் எண்ணுக்குப் பின்னால் 170 ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதன் உச்சம் இந்தக் கேள்விதான்: அந்தச் சத்தம் யாருடையது?

கதை ஒரு குதிரையிடம் தொடங்குகிறது. இங்கிலாந்தில் லண்டனுக்கு அருகே டெடிங்டன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். செடிகளில் நீர் எப்படி ஏறுகிறது என்று அளந்து பார்த்தவர். அதே ஆர்வத்தோடு விலங்குகளின் ரத்தத்துக்கும் வந்தார். வேலைக்கு உதவாது என்று கொல்லப்பட இருந்த ஒரு பெண்குதிரையைக் கட்டிக் கிடத்தி, தொடைத் தமனியைத் திறந்து பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகினார். அதோடு 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி இணைத்தார். இணைப்பு வளைந்துகொடுக்க வேண்டும். ரப்பர் குழாய் இல்லாத காலம். பிறகு செய்த சோதனை ஒன்றில் இதற்குப் பெருவாத்தின் மூச்சுக்குழாயைப் பயன்படுத்தினார். முதல் சோதனையிலேயே ரத்தம் இதயத்தின் மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. நின்ற இடத்திலும் ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 1733இல் வெளிவந்த அவருடைய நூலில் இவை அனைத்தும் உள்ளன. அந்தக் குதிரைக்காக மனம் சங்கடப்படாமல் இந்தப் பக்கங்களை என்னால் படிக்க முடிந்ததில்லை. ஆனாலும் ரத்தம் குழாய்ச் சுவரைத் தள்ளும் விசையை ஒரு நீளமாகக் கண்ணால் பார்த்து அளக்கலாம் என்று உலகம் அறிந்துகொண்டது அங்கேதான்.

9 அடிக் குழாயை வைத்துக்கொண்டு எந்த ஆய்வுக்கூடமும் நடத்த முடியாது. 1828இல் பாரிஸில் மருத்துவப் பட்டத்துக்காக ஆய்வேடு எழுதிய ழான் புவாஸை அந்தச் சிக்கலை அவிழ்த்தார். ரத்தக்குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்ற விதிக்காக மாணவர்கள் பெயரை மனப்பாடம் செய்கிறார்களே, அதே புவாஸை. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி கொண்டது. அதை 'யு' வடிவக் குழாயில் ஊற்றினால் 8 அடி உயரம் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். ரத்த அழுத்தத்தை நாம் இன்றும் மில்லிமீட்டர் பாதரசம் என்று சொல்வதற்கு அந்த மாணவரின் ஆய்வேடே தொடக்கம். 1856இல் ஃபெவ்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர், கால் துண்டிக்கப்பட்ட நோயாளியின் தொடைத் தமனியில் நேராகக் குழாயைச் செருகிப் பார்த்தபோது கிடைத்த அளவு 120 மில்லிமீட்டர். மனிதனின் தமனியில் நேரடியாக எடுக்கப்பட்ட முதல் அளவே அந்த எண்ணாக அமைந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் தமனியைக் கிழித்தால்தான் அளவு தெரியும் என்றால் அந்த அளவால் நோயாளிக்கு என்ன பயன்? தோலுக்கு வெளியே இருந்தபடியே அறிய வேண்டும். இதற்கு ஒரு தலைகீழ் யோசனை தேவைப்பட்டது. உள்ளே இருக்கும் அழுத்தத்தை நேரே அளக்க முடியாவிட்டால், வெளியே இருந்து அழுத்தம் கொடுத்து எப்போது ஓட்டம் நிற்கிறது என்று பார்க்கலாமே. எதிராளியின் பலத்தை அவனோடு கைகோத்துப் பஞ்சா பிடித்துத் தெரிந்துகொள்வதுபோல. 1881இல் வியன்னாவின் மருத்துவர் ஃபான் பாஷ் நீர் நிரம்பிய சிறு குமிழை மணிக்கட்டுத் தமனிமேல் அழுத்திப் பார்த்தார். குமிழ் கொஞ்சம் நகர்ந்தாலும் அளவு மாறிவிடும்.

1896இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் மருத்துவர் சிபியோனே ரிவா-ரோச்சி, தமனியை ஒரு புள்ளியில் அழுத்துவதை விட்டுவிட்டு, மேற்கையைச் சுற்றிவளைத்து எல்லாப் பக்கமும் ஒருசேர அழுத்தினார். பட்டைக்குச் சைக்கிள் டியூப், பாதரசத்துக்கு மைக்கூடு என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்த கருவி அது. பட்டையில் காற்றேற்ற, மணிக்கட்டில் விரலுக்குப் படும் நாடி மறையும். இறக்க, திரும்ப வரும். நாடி மறைந்து திரும்பும் எண்தான் மேல் அழுத்தம். அவர் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. ஜெர்மன் பேசும் நாடுகளின் மருத்துவக் குறிப்பேடுகளில் ரத்த அழுத்தத்துக்கு முன்னால் அவர் பெயரின் முதலெழுத்துகளான 'ஆர்.ஆர்.' என்பதை எழுதும் பழக்கம் இன்றும் உண்டு. 1901இல் பவியா மருத்துவமனைக்கு வந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இந்தக் கருவியைப் பார்த்து, படம் வரைந்துகொண்டுபோய்த் தம் நாட்டில் பரப்பினார்.

அந்தப் பட்டையில் ஒரு குறை இருந்தது. அகலம் 5 சென்டிமீட்டர்தான். ஒடுங்கிய பட்டை தமனியை நெரிக்கக் கூடுதல் அழுத்தம் கேட்கும். அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். 1901இல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் ரெக்லிங்ஹவுசன் அகலத்தைக் கூட்டினார். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டி, இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதும் ஆபத்து இன்றும் இருக்கிறது. பட்டையின் அளவைப் பார்க்காமல் காற்றேற்றும் மாணவரிடம் நான் கடுமையாகத்தான் பேசுகிறேன்.

விரலால் மேல் அழுத்தம் மட்டுமே கிடைத்தது. இதயம் இளைப்பாறும்போது குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம், நம் ஊர் நோயாளிகள் 'கீழ் பிரஷர்' என்று கேட்பது, விரலுக்கு அகப்படவில்லை.

இங்கேதான் நிகலாய் கொரோட்கோவ் வருகிறார். ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரத்தில் 1874இல் பிறந்த வணிகக் குடும்பத்துப் பிள்ளை. அறுவை மருத்துவர். ரத்த அழுத்தம் அவர் தேடிப்போன பொருளே இல்லை. ரஷ்ய-ஜப்பானியப் போரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்தில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். குண்டும் சிதறலும் பாய்ந்து தமனிச் சுவர் கிழிந்தவர்கள், அந்த இடத்தில் ரத்தம் பை போல வீங்கியவர்கள் எத்தனையோ பேர். தமனியைக் கட்டிவிட்டால் ரத்தக் கசிவு நிற்கும். ஆனால் கை கால் பிழைக்குமா? பக்கக்கிளைகள் வழியாக வேண்டிய ரத்தம் போய்ச் சேர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் அழுகும். கட்டுவதற்கு முன்பே இதை அறிய வழி உண்டா? இதுதான் அவருடைய கேள்வி. தமனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அழுத்திய இடத்துக்குக் கீழே என்ன கேட்கிறது என்று காதை வைக்கத் தொடங்கினார். படுக்கையில் கிடக்கும் சிப்பாய்க்குக் காலை இழக்காமல் ஊர் திரும்ப முடியுமா என்ற கவலையிலிருந்து அவருடைய கேட்டல் பிறந்தது. மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அழுத்தக் கணக்கெல்லாம் பிறகு.

1905 நவம்பர் 8. வேலைநிறுத்தங்களால் ரஷ்யா கொந்தளித்த ஆண்டு. பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் 31 வயதுக் கொரோட்கோவ் தம் கண்டுபிடிப்பைச் சொன்னார். அச்சில் அது ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை, 281 சொற்கள். சாரம் எளியது. முழுதாக நெரிக்கப்பட்ட தமனி எந்த ஒலியும் தராது. ரிவா-ரோச்சியின் பட்டையை மேற்கையில் கட்டி, ஓட்டம் நிற்கும்வரை காற்றேற்றுங்கள். குழந்தைகளுக்கான ஸ்டெதாஸ்கோப்பைப் பட்டைக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அழுத்தத்தை இறக்குங்கள். முதல் தட்டல் எழும் எண் மேல் அழுத்தம். தட்டல் இரைச்சலாகி, மீண்டும் தட்டலாகி, கடைசியில் எல்லாம் அடங்கும் எண் கீழ் அழுத்தம். விரலுக்கு நாடி படுவதற்கு 10–12 மில்லிமீட்டர் முன்பாகவே காதுக்கு ஒலி வந்துவிடுகிறது என்பதையும் சொன்னார். செய்முறைக் குறிப்பேட்டில் விரல்முறை அளவு காதுமுறை அளவைவிடக் குறைவாக வந்துவிட்டதே என்று அழித்துத் திருத்தும் மாணவர்களுக்கு இதைக் காட்டுவேன். தம்பி, அது பிழை இல்லை, அப்படித்தான் வரும்.

அப்போதுதான் அந்த எதிர்ப்பு எழுந்தது. இது இதயத்தின் ஒலி, தமனி வழியாக இறங்கிக் கேட்கிறது, அவ்வளவே என்றார்கள். கொரோட்கோவ் மறுத்தார், இது பட்டைக்குக் கீழே, அந்த இடத்திலேயே பிறக்கும் ஒலி என்றார். யோசித்துப் பாருங்கள். இதயத்திலிருந்து வருவது என்றால் பட்டை கட்டாதபோதும் கேட்க வேண்டாமா? வெறும் முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதே அகாதெமியின் பேராசிரியர் யானோவ்ஸ்கி அவர் பக்கம் நின்றார். யானோவ்ஸ்கியின் மருத்துவப் பிரிவில் இந்த முறை மேலும் சோதிக்கப்பட்டுப் பரவியது.

அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது? நிறைந்து ஓடும் வாய்க்காலில் சத்தம் இராது. மதகுப் பலகையைக் கொஞ்சமே தூக்கினால், இடுக்கு வழியே பீறிடும் தண்ணீர் இரைகிறது. முழுதாக இறக்கினால் மறுபடி மௌனம். தமனிக்கும் இப்படித்தான். பட்டையின் அழுத்தம் 140 இருக்கும்போது 120 கொண்ட ரத்தத்தால் முட்டித் திறக்க முடியாது. 118க்கு வரும்போது ஒவ்வொரு துடிப்பின் உச்சத்திலும் ஒரு கணம் குழாய் திறந்து, உடனே மூடிக்கொள்கிறது. அந்தத் திறப்பும் பாய்ச்சலுமே தட்டல். பட்டையின் அழுத்தம் கீழ் அழுத்தத்தையும் விடத் தாழ்ந்துவிட்டால் குழாய் எந்நேரமும் திறந்திருக்கும்; ரத்தம் பழையபடி சீராக ஓடும்; ஒலிக்குக் காரணம் போய்விடும். சுவர் சட்டென்று விரியும் அதிர்வு எவ்வளவு, சுழித்தோடும் ரத்தத்தின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்று உறுதி. நாம் கேட்பது உடலில் ஏற்கெனவே இருந்த ஓசை இல்லை. நாம் நெரித்ததால் பிறந்த ஓசை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, அது பேசும் இரண்டு எல்லைகளை எழுதிக்கொள்கிறோம்.

காது வந்துவிட்டது, விரல் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். சிலருக்கு, குறிப்பாக அழுத்தம் மிகுந்தவர்களுக்கு, ஒலி 190இல் தொடங்கி, நடுவில் 170 வாக்கில் மறைந்து, 150இல் திரும்பவும் வரும். மௌனம் இருக்கும் இடம்வரை மட்டும் காற்றேற்றியவர், திரும்பி வந்த ஒலியை முதல் ஒலி என்று நம்பி 150 என்று எழுதிவிடுவார். அந்த 40 மில்லிமீட்டர் ஓர் உயிரின் விலையாகலாம். முதலில் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு, அது மறையும் எண்ணுக்கு மேல் 30 ஏற்றிவிட்டுத்தான் காதை வைக்க வேண்டும். முதலில் ரிவா-ரோச்சி, அவருக்குப் பிறகு கொரோட்கோவ். செய்முறைக் குறிப்பேட்டில் நாம் எழுதும் வரிசையும் வரலாறு நடந்த வரிசையும் ஒன்றே.

கொரோட்கோவ் பிறகு சைபீரியாவின் சுரங்க மாவட்டத்தில் மருத்துவராகப் பணிபுரிந்தார். 1910இல் அவர் அளித்த முனைவர் ஆய்வேட்டின் பொருள் ரத்த அழுத்தம் இல்லை. பக்கக்கிளைத் தமனிகளின் வலிமையை அறிவது எப்படி என்ற அதே போர்க்களக் கேள்வி. 1920இல், 46 வயதில், காசநோயால் இறந்தார்.

இன்று மருந்துக்கடை மேசையிலும் வீட்டு அலமாரியிலும் இருக்கும் கருவிகள் எதையும் கேட்பதில்லை. பட்டைக்குள் காற்று நடுங்கும் அளவைக் கொண்டு கணக்கிட்டு எண்ணைச் சொல்கின்றன. நச்சு என்பதால் பாதரசமும் மருத்துவமனைகளிலிருந்து விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. புதிய கருவி ஒன்று சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் கூடத்தில் மட்டும் பழைய காட்சி தொடர்கிறது. ஒரே கைக்கு இரண்டு ஜோடிக் காதுகள். ஒற்றைத் தலைப்பிலிருந்து இரண்டாகப் பிரியும் ஸ்டெதாஸ்கோப். இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காதபடி உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று இறங்குகிறது. முதல் தட்டல் எழுந்ததும் இருவரும் தனித்தனியே எழுதுகிறார்கள்; ஒலி அடங்கியதும் மறுபடி எழுதுகிறார்கள். கருவி சொன்ன எண்ணை அதற்குப் பிறகுதான் எடுத்துப் பக்கத்தில் வைக்கிறார்கள்.