இண்டியானா நில அளவையாளர்கள்: ஊதியமும் வெளித்தொழிலும்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மாவட்டத்தை ஒத்த 92 கவுண்டிகள் உள்ளன. அவற்றின் நில அளவையாளர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். 1851ஆம் ஆண்டின் மாநில அரசியல் சாசனம் இதற்கு வகை செய்கிறது. தற்போது பதவிக்காலம் 4 ஆண்டுகள்.

தொடக்க காலத்தில் அமெரிக்கக் கவுண்டி அளவையாளர்களின் வருவாய் பெரும்பாலும் நில உரிமையாளர்கள் செலுத்திய கட்டணமாகவே இருந்தது. 1749ல் வர்ஜீனியாவின் கல்பெப்பர் கவுண்டி அளவையாளரான ஜார்ஜ் வாஷிங்டனும், 1833ல் இல்லினாய் மாநிலத்தின் சங்கமன் கவுண்டியில் துணை அளவையாளரான ஆபிரகாம் லிங்கனும் அவ்வாறு கட்டணம் பெற்றவர்களே.

ஒன்றரை மடங்கு ஊதியம்

இண்டியானாவில் இன்று இந்த ஊதியத்தைக் கவுண்டியின் நிதி மன்றம் நிர்ணயிக்கிறது. இப்பதவிக்குப் போட்டியிடத் தொழில் உரிமம் கட்டாயமில்லை. ஆனால் உரிமம் பெற்றவர் பதவிக்கு வந்தால், உரிமம் இல்லாதவருக்கு வழங்கப்படும் ஊதியத்தைப் போல் ஒன்றரை மடங்கு அளிக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். உரிமம் இல்லாதவர், அதற்குரிய அளவைப் பணிகளுக்குத் தகுதி பெற்ற மற்றொருவரை நியமிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவும் கவுண்டியையே சாரும்.

மூலைக்கற்களும் வடிகால்களும்

1785ஆம் ஆண்டின் நில ஆணையைப் பின்பற்றி நடந்த கூட்டாட்சி அரசின் அளவையில் குறிக்கப்பட்ட மூலைகளே இங்குள்ள பெரும்பாலான சொத்து எல்லைகளுக்கு அடிப்படை. ஆண்டுதோறும் அவற்றில் குறைந்தது 5 சதவீதத்தைக் கவுண்டி அளவையாளர் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். வடிகால் வாரியத்தில் அவர் வாக்குரிமையற்ற உறுப்பினர். வடிகால் அமைப்பதில் தொழில்நுட்பப் பொறுப்பும் அவருடையதே.

வெளித்தொழிலின் சிக்கல்

தனியார் அளவைத் தொழில் நடத்துபவர்கள் இப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதும் உண்டு. தாம் பணியாற்றும் கவுண்டியின் நடவடிக்கையுடன் தொடர்புடைய ஒப்பந்தத்தில் பொது ஊழியர் ஒருவர் ஆதாயம் பெறுவது மாநிலச் சட்டப்படி குற்றமாகும். எனினும், அந்த ஆதாயத்தை எழுத்துமூலம் முன்கூட்டியே வெளிப்படுத்தி, அது பொதுக் கூட்டத்தில் ஏற்கப்பட்டால் விலக்கு கிடைக்கும்.

ஆனால் அண்டை நிலத்தார் இருவரிடையே எல்லைத் தகராறு எழும்போது, அவர்களில் ஒருவரிடம் கட்டணம் பெற்று அளந்தவரே பொதுப் பதிவேட்டின் காப்பாளராகவும் இருந்தால், மற்றவருக்கு ஐயம் எழுவது இயல்பே. வெளித்தொழிலை முற்றிலும் தடுத்தால், குறைந்த வருவாயுள்ள சிறிய கவுண்டிகளுக்குத் தகுதியானவர் கிடைப்பது கடினம். ஒன்றரை மடங்கு ஊதியம் தகுதிக்குத் தரப்படும் விலை. வெளிப்படுத்தல் விதி நம்பிக்கைக்கான காவல். இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.