விளக்கு யாருக்கு எரிந்தது

வாள் உடலில் பட்டதா என்பதை நெடுங்காலம் நடுவர்களின் கண்களே தீர்மானித்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் எப்பே வாளுக்கு மின்கருவி வந்தது. நுனியிலுள்ள பொத்தான் அழுந்தினால் விளக்கு எரியும். 1956இல் ஃபாயில் வாளுக்கும், 1992இல் சேபர் வாளுக்கும் அது வந்தது.

இந்த வரிசைக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கிறேன். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஃபாயில் 1924இல் கிடைத்தது. எப்பேக்கு 1996 வரையும் சேபருக்கு 2004 வரையும் அவர்கள் காத்திருந்தார்கள். எப்பே விளக்கு ஒலிம்பிக்கில் பெண்களுக்காக எரிய 60 ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்குக் கருவி காரணமல்ல.

அதே 2004இல்தான் சென்னைப் பள்ளி மாணவி பவானி தேவி வாள்வீச்சைத் தொடங்கினார். பயிற்சிக்கு மூங்கில் குச்சி. விலை கூடிய மின்வாள் போட்டிக்கு மட்டும். மூங்கிலில் மின்சாரம் பாயாது, விளக்கும் எரியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்ற அவரே ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீரர்.

எட்டாக்கனியாக இருந்த அந்தப் பெட்டிக்குள் பெரிய ரகசியம் இல்லை. சேபர் ஆட்டக்காரரின் மேலங்கியில் உலோக இழை ஓடுகிறது. எதிராளியின் வாள் அதில் பட்டால் மின்சுற்று பூர்த்தியாகும். முதல் வீச்சு பட்ட 170 மில்லிநொடிக்குள் பட்டால்தான் மற்றவரின் விளக்கும் எரியும். இதைக் கணக்கிட, இத்தாலியில் 2005இல் உருவான ஆர்டுயினோ போன்ற சிறு மின்பலகை போதும். அதன் வரைபடம் எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளத் திறந்தே இருக்கிறது. மின்கம்பி, எல்.இ.டி. விளக்கு, பஸ்ஸர், சால்டரிங் கருவி இருந்தால் பயிற்சிப் பெட்டியை நாமே செய்யலாம். சர்வதேசப் போட்டிக்குத்தான் அங்கீகரித்த கருவி வேண்டும்.

எங்கள் வாலிநோக்கம் உப்பள ஊர். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இங்குள்ள பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வியர்வையின் உப்பும் அந்த மேலங்கியின் உலோக இழையை அரிக்கும். அலசிக் காயவைக்காவிட்டால் பட்ட வீச்சும் பதிவாகாது. கருவியைப் பேணுவதற்கான பாதி அறிவு நம் கையிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் பெட்டி சொல்லாது. சேபரில் இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால் புள்ளி யாருக்கு என்பதை இன்றும் நடுவரே சொல்கிறார். ஆகவே நம் பெண்கள் பெட்டியைச் செய்யவும் வேண்டும், நடுவராக நிற்கவும் வேண்டும்.