குப்பை, எரு, கழிவு: இந்திய நகர வரலாற்றில் ஒரு சொல்நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் பொருளாதாரம் வளருங்கால், அது ஒதுக்கித் தள்ளும் பொருளின் அளவோடு தன்மையும் மாறுகிறது. பொருளின் தன்மை மாறும்போது அதனைச் சுட்டும் சொல்லும் நிலைபெயர்கிறது. இந்திய நகரங்களின் குப்பை வரலாற்றை இந்நோக்கில் சுருங்கக் காண்பதும், அது மொழிபெயர்ப்பாளர்முன் வைக்கும் சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. குவியலும் எருவும்

'குப்பை' என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் குவியல் என்பதாகும். தெலுங்கில் 'குப்ப' என்பது இன்றும் நெற்குவியல் போன்றவற்றைக் குறிக்கிறது. கன்னடத்தின் 'குப்பெ'யும் அத்தகையதே. சிவகங்கை மாவட்டத்திலுள்ள நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயர் இப்பொருளை நினைவூட்டுவது. தமிழில் இச்சொல் எருக்குவியலையும் வேண்டாத பொருளையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. வயலுக்குக் 'குப்பை அடித்தல்' என உழவர் கூறுமிடத்து, அது விளைச்சலுக்கு இடும் முதலேயன்றி வீண்பொருள் அன்று.

2. நகரம் ஊருக்குத் தந்த எரு

இவ்விரு பொருளும் நகரங்களிலும் நெடுநாள் இணைந்தே இருந்தன. கல்கத்தாவின் கிழக்கெல்லையிலுள்ள தாப்பாவில் நகரக் குப்பையின்மேல் காய்கறி பயிரிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. இந்தூரில் ஆய்வு நிகழ்த்திய ஆல்பர்ட் ஹோவர்டு, யஷ்வந்த் வாட் என்பாருடன் இணைந்து, பண்ணைக் கழிபொருளை மக்கிய உரமாக்கும் முறையை 1931இல் நூலாக வெளியிட்டார். பின்னர் சி. என். ஆச்சார்யா, நகரக் குப்பையையும் மலத்தையும் குழிகளில் அடுக்கடுக்காக இட்டு மக்கச்செய்யும் 'பெங்களூர் முறை'யை உருவாக்கினார். அக்காலக் குப்பையில் சாம்பல், இலைதழை, சாணம், சமையல் மிச்சம் ஆகியவை மிகுந்திருந்தமையால் இவை இயன்றன.

3. வளர்ச்சியும் மக்காப் பொருளும்

1960களுக்குப்பின் வேதியுரம் பரவியதால் நகர எருவுக்கான தேவை குறைந்தது. நுகர்பொருள்களும் அவற்றைப் பொதியும் பிளாஸ்டிக்கும் பெருகின. 1991இல் தொடங்கிய பொருளாதாரத் தாராளமயம் இப்போக்கை விரைவுபடுத்தியது. பாலித்தீனும் கண்ணாடித் துண்டும் கலந்த எருவை உழவர் ஏற்கத் தயங்கினர். ஊருக்குச் செல்லவேண்டிய குப்பை நகரத்தின் புறத்தே மேடாக நின்றது.

1994 செப்டம்பரில் சூரத்து நகரில் பிளேக் அச்சம் எழுந்தபோது, அகற்றப்படாத குப்பை நாடளாவிய கவனத்தைப் பெற்றது. 1996இல் அல்மித்ரா படேல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றம் அமைத்த குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளிவந்தன. புதிய விதிகள் வெளியான 2016இல் நடுவணரசு தந்த கணக்கின்படி, ஆண்டுதோறும் உருவான குப்பை 6.2 கோடி டன். அதில் 4.3 கோடி டன் திரட்டப்பட்டது, 1.19 கோடி டன் மட்டுமே பதப்படுத்தப்பட்டது, 3.1 கோடி டன் வெறுமனே கொட்டப்பட்டது.

4. சொல்லாக்கச் சிக்கல்

இச்சட்டங்களின் வழியே 'திடக்கழிவு மேலாண்மை' என்னும் தொடர் தமிழில் நிலைபெற்றது. இலங்கைத் தமிழில் இது 'திண்மக் கழிவு முகாமைத்துவம்' என வழங்கும். இரண்டும் ஆங்கிலத் தொடரை அடியொற்றிய ஆக்கங்களே. 'கழி' என்னும் வினையடியாகப் பிறந்த 'கழிவு', வணிக வழக்கில் விலைத் தள்ளுபடியையும் குறிக்கும். நீக்கப்படுவது என்பதே அதன் உட்பொருள். எருவாகத்தக்கதும் ஆகாததும் இச்சொல்லில் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் 2016ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்தியதோ, பிறக்குமிடத்திலேயே குப்பையை மூவகையாகப் பிரித்தலை.

'உயிரியல் முறையில் சிதைவுறும் கழிவு' என்பது கருத்தளவில் பிழையற்ற பெயர்ப்பே. எனினும் வாழைப்பழத் தோலைக் கையில் வைத்திருப்பவருக்கு அது எந்தக் கூடைக்கு உரியது என்பதை அது எளிதில் உணர்த்தாது. 'மக்கும் குப்பை' என்பது உணர்த்தும். 'மக்குதல்' உழவரின் வினை. கூடை மாறினால் பிரித்த குப்பை மீண்டும் கலக்கும். அதனைக் கையால் பிரிப்பவர் உடல்நலம் கெடும். எருவாகவேண்டியது மேட்டுக்குச் செல்லும். ஆதலின் இங்குச் சொல்தேர்வு நடையழகு பற்றியதன்று.

முடிவுரை

மக்கிய உரத்தால் பெயர்பெற்ற இந்தூர், வீடுதோறும் பிரித்துத் திரட்டும் முறையால் 2017இல் நாட்டின் தூய்மைக் கணக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சூரத்தும் அதனோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. வளர்ச்சி குப்பை மேட்டில்தான் முடியவேண்டும் என்பதில்லை என்பதற்கு இவை சான்றாகும். சட்ட வாசகத்தில் 'கழிவு' நிற்கலாம். மக்களை நோக்கிய அறிவிப்பில் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்பவற்றையே மொழிபெயர்ப்பாளர் ஆளுதல் தகும். அவற்றில் உழவரின் பழைய அறிவு இன்னும் உயிரோடிருக்கிறது.